தும்மினால் சிறுநீர் கசிகிறதா? இடுப்புத்தளப் பயிற்சியைச் சரியாகத் தொடங்க ஒரு வழிகாட்டி

வற்றல் மிளகாய் வறுக்கும் நெடி மூக்கில் ஏறினால், முதலில் அடுப்பை அணைக்க மாட்டேன். கால்களைப் பின்னிக்கொண்டு சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். அப்படியும் நாலாவது தும்மலில் உள்பாவாடை நனைந்திருக்கும். இரண்டாவது மகள் பிறந்த பிறகு நான்கு வருஷம் இப்படித்தான் போனது. ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு அதெல்லாம் இருக்கத்தான்டி செய்யும்" என்றாள். அவளுக்கும் இருந்திருக்கிறது, பாட்டிக்கும் இருந்திருக்கிறது. மூன்று தலைமுறையாக யாரிடமும் சொல்லாமல் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம்.

சொத்தைப் பல்கூடத்தான் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்காக அதை யாரும் அப்படியே விட்டுவிடுவதில்லை. கசிவும் அந்த மாதிரிதான், பார்த்துச் சரிசெய்யக்கூடிய ஒன்று. இருமல், தும்மலில் வரும் கசிவுக்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் முதலில் சொல்வது தசைப் பயிற்சியைத்தான். மாத்திரையும் ஆபரேஷனும் அதற்குப் பிறகுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இந்த வகைக் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 6 பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்தவர்களில் 56 பேர்.

ஆனால் பயிற்சி என்றதும் யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு "இறுக்கு, விடு" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு மாதம் தப்பாகச் செய்தேன். நீங்கள் அந்த எட்டு மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது

குழந்தைக்குத் தூளி கட்டுவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் தொட்டால் கெட்டியாகத் தெரியும் எலும்பு தூளியின் ஒரு முனை. பின்னால் வால் எலும்பு இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே விரித்துக் கட்டிய தசைதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர் வரும் வழி, யோனி, ஆசனவாய் மூன்றும் அதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன.

பிரசவத்தில் தூளி பல மடங்கு இழுபடுகிறது. வருஷக்கணக்கான மலச்சிக்கல், ஓயாத இருமல், உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எல்லாமே அதைத் தளரவைக்கலாம். தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். தூளி அந்த நொடியில் விறைத்துத் தாங்காவிட்டால் சிறுநீர் நழுவிவிடும்.

முதலில், உங்களுக்கு எந்த வகை?

இருமினால், சிரித்தால், தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கினால் கசிகிறது என்றால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாமல் வந்து, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுகிறது என்றால் அது அவசரக் கசிவு. வெளியே போய்விட்டு வந்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்ததும் முட்டிக்கொண்டு வருமே, அது இந்த இரண்டாவது வகை. இரண்டும் கலந்து இருப்பவர்களும் நிறைய. இரண்டுக்கும் இடுப்புத்தளப் பயிற்சி உதவும். அவசரக் கசிவுக்கு அதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எது என்று தெரிந்துகொள்ள 3 நாள் கணக்கு எழுதுங்கள். ஒரு பழைய நோட்டு, மில்லி அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக், அவ்வளவுதான் தேவை. எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு மில்லி, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் 6 முதல் 8 தடவை போவது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிகூட இல்லாமல் பதினைந்து தடவை போகிறீர்கள் என்றால் அதுவே ஒரு பெரிய தகவல். மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்த நோட்டை நீட்டினாலே போதும்.

மருத்துவரிடம் ஒரு தடவை

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். மகளிர் நோய் மருத்துவரிடமோ, பக்கத்து அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவிலோ போய்க் காட்டுங்கள். யூரின் டெஸ்ட் எடுத்துக் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொற்று இருந்தால் அதைச் சரிசெய்ததுமே பாதிப் பிரச்சினை போய்விடலாம். சர்க்கரை பார்ப்பார்கள். கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். போன பிறகும் பையில் சிறுநீர் தங்குகிறதா என்று ஸ்கேன் செய்யலாம்.

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நாள் முழுக்க இருமிக்கொண்டே இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. மாற்று மாத்திரை உண்டா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு விலாப்பக்கம் வலி என்றால் தள்ளிப்போடாமல் அன்றே காட்டுங்கள். பிரசவமோ ஆபரேஷனோ ஆன பிறகு இரவும் பகலும் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தாலும் உடனே போகவேண்டும். தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, சிறுநீரே போக முடியாமல் அடைத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சரியான பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுவது

முட்டிவலிக்கும் கழுத்துவலிக்கும் பார்க்கும் எல்லா பிசியோதெரபிஸ்ட்டுகளும் இதைப் பார்ப்பதில்லை. மகப்பேறு, மகளிர் நலம் சார்ந்து எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலைப் பட்டம்) படித்தவர்கள் இருக்கிறார்கள். இடுப்புத்தளத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். போனிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: "சிறுநீர்க் கசிவுக்குப் பார்ப்பீங்களா? தசையைப் பரிசோதிச்சுத்தான் பயிற்சி சொல்வீங்களா? தனி அறை இருக்கா?" மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் போகலாம். ஒரு மெஷினில் படுக்கவைத்து அனுப்பிவிடுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுத்தான். எத்தனை பிரசவம், தையல் போட்டார்களா, மலம் எப்படிப் போகிறது, தாம்பத்தியத்தில் வலி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஊர்க்கதை கேட்பதாக நினைக்காதீர்கள், எல்லாமே அந்த ஒரே தசையோடு சம்பந்தப்பட்டவை. நீங்கள் மூச்சு விடும் விதத்தையும் கவனிப்பார்கள்.

பிறகு பரிசோதனை. கையுறை போட்டு, வழுவழுப்பான ஜெல் தடவி, ஒரு விரலை யோனிக்குள் வைத்து, "பிடிங்க... விடுங்க... இப்ப இருமுங்க" என்பார்கள். தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. துளி அசைவும் இல்லையென்றால் 0, எதிர்த்து அழுத்தினாலும் விடாமல் பிடித்தால் 5. இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். கல்யாணமாகாதவர்கள், மாதவிடாய் நாளில் போனவர்கள், மனது ஒப்பாதவர்கள் வெளிப்புறமாகப் பார்க்கச் சொல்லலாம். அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துத் திரையில் அசைவைக் காட்டும் வழியும் இருக்கிறது. கூட அம்மாவையோ அக்காவையோ வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அன்று கிடைத்தது 2. மதிப்பெண்ணைவிட அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா அடுத்துச் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க இறுக்கலம்மா, முக்குறீங்க."

முக்குவது வேறு, தூக்குவது வேறு

இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. மலம் கழிக்க முக்கும்போது தசை கீழே தள்ளப்படுகிறது. கசிவை நிறுத்த அது மேலே, உள்ளே போக வேண்டும். இறுக்கமாக ஏதோ செய்கிறோம் என்ற உணர்வு இரண்டிலும் இருப்பதால் தனியாகச் செய்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. 1991-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்து, பிறகு கருவி வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் கசிவை இன்னும் அதிகமாக்கக்கூடிய விதத்தில், அதாவது என்னைப் போல, செய்துகொண்டிருந்தார்.

கீகல் பயிற்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த ஆர்னல்ட் கீகல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது அவர் வெறுமனே "இறுக்குங்கள்" என்று விட்டுவிடவில்லை. பெரினியோமீட்டர் என்று ஒரு கருவி செய்தார். யோனிக்குள் வைக்கும் காற்றடைத்த பகுதி, அதோடு இணைத்த ஒரு முள் காட்டி. சரியாகப் பிடித்தால் முள் ஏறும், பெண்ணே தன் கண்ணால் பார்ப்பாள். பயிற்சியின் பெயர் மட்டும் எங்கும் பரவி, அந்த முள் காட்டி வழியிலேயே விடுபட்டுப் போனது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பயோஃபீட்பேக் என்று இன்று கிளினிக்கில் வைக்கும் கருவி அதன் வழி வந்ததுதான்.

வீட்டில் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். கதவைத் தாழிட்டுவிட்டு, பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரிய வருகிறது, அடக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? ஆசனவாயை உள்ளே இழுப்பீர்கள். அதைச் செய்துகொண்டே அந்த இழுப்பை முன்பக்கம், சிறுநீர் வரும் இடம்வரை கொண்டுவந்து, மொத்தத்தையும் தொப்புளை நோக்கித் தூக்குங்கள். அசைவு சின்னதாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியக்கூடாது. புட்டம் இறுகினால், தொடைகள் ஒட்டினால், வயிறு புடைத்தால், மூச்சு நின்றால் வேறு தசை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே உப்பினால் முக்குகிறீர்கள். கண்ணாடி கூச்சமாக இருந்தால் இன்னொரு வழி. கெட்டியான மர நாற்காலியில், ஒரு கைத்துண்டைச் சுருட்டி முன்பின்னாக, சைக்கிள் சீட்டில் உட்காருவதுபோல அதன் மேல் உட்காருங்கள். சரியாகத் தூக்கினால் துண்டிலிருந்து தசை மேலே விலகுவது தெரியும், விட்டால் திரும்பத் துண்டின் மேல் வந்து அமரும். எனக்கு முதன்முதலில் விளங்கியது இந்தத் துண்டில்தான்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைத் தசையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவை செய்யலாம். தினசரிப் பயிற்சியாக அதைச் செய்யவே கூடாது. பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும்.

தினமும் எவ்வளவு?

மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்வது இது: ஒரு வேளைக்குக் குறைந்தது 8 பிடிப்பு, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், தெரிந்தவர் ஒருவரின் மேற்பார்வையில். இதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் 3 விநாடி தூக்கிப் பிடியுங்கள். பிறகு முழுசாக விட்டு 3 விநாடி, வேண்டுமானால் 6 விநாடிகூட ஓய்வு. வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது, அதனால் எண்ணிக்கொண்டே செய்யுங்கள். வாரம் போகப்போக ஒவ்வொரு விநாடியாகக் கூட்டி 10 வரை போகலாம். நான் 5-லிருந்து 6-க்குப் போக மூன்று வாரம் ஆனது. பிடி பாதியில் நழுவிவிட்டால் அன்றைக்கு அதுதான் உங்கள் அளவு. இந்த நீண்ட பிடிப்புகளுக்குப் பிறகு, சட்டென்று தூக்கிச் சட்டென்று விடும் வேகப் பிடிப்பு 8 செய்யுங்கள். தும்மலுக்குக் கைகொடுப்பது இந்த வேகம்தான்.

முதல் சில வாரம் படுத்தபடி, அப்புறம் உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு. நிற்கும்போதுதான் கஷ்டம், ஏனென்றால் உள்ளே இருக்கும் உறுப்புகளின் பாரம் முழுக்கத் தூளியின் மேல் இறங்குகிறது. ஆனால் கசிவது நிற்கும்போதுதானே, அதனால் அங்கே போய்ச் சேரத்தான் வேண்டும்.

மறந்துபோவதுதான் பெரிய எதிரி. ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். நான் காலையில் எழுந்ததும் பாயிலேயே ஒரு வேளை, மத்தியானம் குக்கர் விசில் வரும்வரை ஒரு வேளை, ராத்திரி சின்னவளைத் தூங்கவைக்கும்போது ஒரு வேளை என்று வைத்துக்கொண்டேன்.

விடுவதும் பயிற்சியில் பாதி. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, அடிவயிற்றில் தீராத இழுப்பு, சிறுநீர் தொடங்கவே நேரமாவது போன்ற அறிகுறிகள் இருந்தால் இறுக்கும் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அவர்களுக்கு முதலில் தளர்த்தக் கற்றுக்கொடுப்பார்கள். வீடியோவைப் பார்த்து எல்லோரும் ஒன்றையே செய்யக்கூடாது என்று நான் சொல்ல இது இரண்டாவது காரணம்.

தும்மலை முந்திக்கொள்வது

தசை ஓரளவு பிடிபட்டதும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லும் அந்த ஒரு நொடியில், தும்முவதற்கு முன்னாலேயே தூக்கிப் பிடித்துவிடுங்கள். தும்மி முடித்த பிறகு விடுங்கள். குடத்தைத் தூக்கும் முன், குழந்தையை இடுப்பில் ஏற்றும் முன், இருமும் முன் எல்லாம் இதே. 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லேசான கசிவுள்ள பெண்கள் ஒரே வாரம் இதைப் பழகி இருமும்போது கசிவை வெகுவாகக் குறைத்தார்கள். தசை பலமாக மாதங்கள் ஆகும், இந்த முந்திக்கொள்ளல் அதற்கு முன்பே பலன் தரும். முதலில் வேண்டுமென்றே பொய் இருமல் இருமிப் பழகுங்கள். பிடி, இருமு, விடு. கொஞ்ச நாளில் தானாக வரும்.

அவசரமாக வந்தால் ஓடாதீர்கள்

அவசரக் கசிவு உள்ளவர்கள் முட்டிக்கொண்டு வந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவார்கள். ஓடும்போதுதான் நனைகிறது. வந்ததும் அப்படியே நில்லுங்கள், முடிந்தால் நாற்காலி விளிம்பில் உட்காருங்கள். ஐந்தாறு வேகப் பிடிப்பு செய்யுங்கள். 100-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்து எண்ணுங்கள், மனம் திசைமாற வேண்டும். அந்த அவசரம் அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். இறங்கியபின் மெதுவாக நடந்து போங்கள்.

இதோடு இடைவெளியை நீட்டுவதும் வேண்டும். மணிக்கு ஒரு தடவை போகிறவர் இந்த வாரம் ஒன்றேகால் மணி, முடிந்தால் அடுத்த வாரம் ஒன்றரை என்று கூட்டிக்கொண்டே இரண்டரை, மூன்று மணி நேரம்வரை கொண்டுவரலாம். குறைந்தது 6 வாரமாவது பிடிக்கும். "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் இருக்கும்போதே அடிக்கடி போவது, பையைச் சின்ன அளவுக்கே பழக்கிவிடும். நாலு மணி நேரப் பஸ் பயணத்துக்கு முன்னால் போவது வேறு, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

சாப்பாடும் பழக்கமும்

கசியும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது இன்னொரு வம்பு. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், மலம் இறுகும், தொற்றும் வரலாம். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை, நாள் முழுக்கப் பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள், அவசரக் கசிவுக்கு நல்ல வித்தியாசம் தெரியலாம். நான் நாளுக்கு ஐந்து டீ குடித்தவள், இப்போது இரண்டு.

மலச்சிக்கலைக் கவனியுங்கள். தினமும் காலையில் முக்கினால், நாள் முழுக்கச் செய்த பயிற்சி வீண். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பிடத்தில் மேலே படாமல் அரைகுறையாக நின்றபடி போவதையும் முடிந்தவரை தவிருங்கள். தசை தளராது, பை காலியாகாது. எடை அதிகமாக இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் கசிவு குறைகிறது.

பிரசவமானவர்கள் வலி அடங்கி, சிறுநீர் வெளியேற ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு லேசாகத் தொடங்கலாம். கர்ப்ப காலத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. மாதவிடாய் நின்றவர்கள் யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

எப்போது மாற்றம் தெரியும்?

ஆறாவது வாரம் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி அவ்வளவுதான் என்று நினைத்த சமயத்தில், ஒருநாள் மாடிப்படியில் துணி பக்கெட்டோடு இறங்கி வந்த பிறகுதான் கவனித்தேன், கசியவில்லை. 3 மாதம் முடிந்ததும் அதே 3 நாள் கணக்கை மறுபடி எழுதி, பழைய நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் எனக்கு 11 கசிவு இருந்தது, இரண்டாவதில் 2.

ஒழுங்காகச் செய்தும் 3 மாதத்தில் அசைவே இல்லை என்றால் திரும்ப மருத்துவரிடம் போங்கள். தசையைத் தூண்டும் மின்சிகிச்சை, தாங்கிப் பிடிக்க யோனிக்குள் வைக்கும் பெசரி வளையம், அவசரக் கசிவுக்கு மாத்திரை, அழுத்தக் கசிவுக்கு ஆபரேஷன் என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. குணமானவர்களும் பயிற்சியை முழுதாக விட்டுவிட வேண்டாம், விட்டால் தசை திரும்பத் தளரும். நான் இப்போது நாளுக்கு ஒரு வேளைதான் செய்கிறேன், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது. சளி பிடித்து இருமும் வாரங்களில் மட்டும் பழையபடி மூன்று வேளை. அம்மாவுக்கு 67 வயது. போன மாதத்திலிருந்து அவளும் மர நாற்காலியில் துண்டைச் சுருட்டிப் போட்டு உட்காருகிறாள்.